புது வீடு, பழைய அடுப்பு

போன டிசம்பரில் சிங்கப்பூரில் எங்கள் யீஷூன் வீட்டை விற்றுவிட்டு பொங்கோலுக்கு மாறினோம். காலை 6:30-க்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று அம்மா நேரம் பார்த்து வைத்திருந்தார். சாமி படம், குடத்தில் தண்ணீர், உப்பு, மஞ்சள், அரிசி எல்லாம் விடியும் முன்பே உள்ளே வந்துவிட்டன. அடுப்பும் வந்துவிட்டது. நெருப்புதான் வரவில்லை.

தப்பு முழுக்க என்னுடையது. பழைய வீட்டில் பதினோரு வருடமாக சிலிண்டர். புது வீட்டில் சுவரிலேயே கேஸ் பைப் இருக்கிறது. அடுப்பு நல்ல நிலையில்தான் இருக்கிறது, நடுவில் ஒரு குழாயை மாட்டினால் ஆயிற்று என்று நினைத்து, மனைவி காட்டிய புது அடுப்பையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதில் வெட்கக்கேடு என்னவென்றால் என் பிழைப்பே எரிபொருள்தான். கப்பல்களுக்கு எண்ணெய் ஏற்றும்போது அளவு சரியா, தரம் சரியா என்று பார்க்கிற பங்கர் சர்வேயர் வேலை. ஆயிரம் டன், இரண்டாயிரம் டன் என்று கணக்குப் பார்க்கிறவன் இரண்டு பர்னர் அடுப்பில் கோட்டை விட்டேன்.

முந்தின நாள் சாயங்காலம் கேஸ் திறந்துவிட வந்தவர் அறுபதைத் தாண்டிய சீனர். அடுப்பைத் தூக்கிக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை ஒரு பார்வை பார்த்தார். "தக் போலே" என்றார். முடியாது. அம்மாவுக்கும் அவருக்கும் பொதுவான மொழி பஜார் மலாய். "அப்பி சாமா லா, தவுக்கே" என்றார் அம்மா, நெருப்பு எல்லாம் ஒன்றுதானே முதலாளி என்று. அவர் வாயால் பதில் சொல்லவில்லை. பைக்குள் துழாவி இரண்டு பித்தளைத் துண்டுகளை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். இரண்டும் திருகாணி மாதிரி, ஒரே உயரம், நடுவில் ஆளுக்கொரு துளை. ஒன்றில் குண்டூசி முனைகூட நுழையாது போலிருந்தது. இன்னொன்றின் துளை வெறும் கண்ணுக்கே பளிச்சென்று தெரிந்தது. சின்னத் துளை சிலிண்டர் கேஸுக்கு, பெரிய துளை பைப் கேஸுக்கு. அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா, இதை மாற்றிக் கொடுக்கச் சொல்லுடா" என்றார். அந்த மாடலுக்கு மாற்று ஜெட், அதாவது கேஸைப் பீய்ச்சும் அந்தப் பித்தளைத் துண்டு, கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தவர் கிளம்பிவிட்டார்.

அப்புறம் என்ன, சீனப் பெருநாள் விடுமுறைக்கு ஸ்டீம்போட் வைக்கும், மேசையிலேயே சூப் கொதிக்க வைத்துச் சாப்பிடும், கையடக்க அடுப்பை அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து தேடி எடுத்தோம். அதற்குள் போடும் டின்னில் இருப்பது பியூட்டேன். அம்மா கற்பூரம் காட்ட, மனைவி குமிழைத் திருக, பால் சட்டி ஏறியது. ஐந்து நிமிடம் நன்றாக எரிந்த சுடர் மெல்ல இறங்க ஆரம்பித்தது. டின்னைத் தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று வியர்த்திருந்தது. உள்ளே திரவமாக இருக்கிற பியூட்டேன் வாயுவாக மாறத் தன் சூட்டையே செலவழிக்கிறது. அதன் கொதிநிலை கிட்டத்தட்ட 0 டிகிரி, அதனால் டின் குளிரக் குளிர அழுத்தம் குறைந்து சுடரும் சோர்ந்துவிடும். குளிர் நாடுகளில் மலையேறுகிறவர்கள் இதனால்தான் புரொப்பேன் கலந்த டின் வாங்குகிறார்கள், புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். இதையெல்லாம் அந்த நேரத்தில் அம்மாவிடம் விளக்க முடியுமா. 6:24-க்குப் பால் பொங்கியது. பிழைத்தேன்.

அந்த இரண்டு ஜெட் விஷயத்துக்கு வருகிறேன். சிலிண்டரில் வருவது எல்பிஜி, புரொப்பேனும் பியூட்டேனும். அழுத்தினால் திரவமாகிவிடும், அதனால்தான் 12.7 கிலோ ஒரு சிலிண்டருக்குள் அடங்குகிறது. நல்ல கனமான வாயு, கொஞ்சம் போனாலே நிறையச் சூடு தரும், ஆகவே சின்னத் துளை போதும். பைப்பில் வரும் டவுன் கேஸ் வேறு ஜாதி. அதில் பாதியளவுக்கு ஹைட்ரஜன், மீதியில் மீத்தேன், கார்பன் மோனாக்சைடு, இன்னும் சில. ஒரே கன அளவு எடுத்தால் எல்பிஜி தரும் சூட்டில் ஐந்தில் அல்லது ஆறில் ஒரு பங்குதான் இது தரும், அதனால் துளை பெரிதாக இருக்க வேண்டும். எல்பிஜி அடுப்பை இதில் மாட்டினால் சுடர் சோம்பேறியாக எரியும். மாற்றி மாட்டினால் இன்னும் மோசம், டவுன் கேஸ் அடுப்பின் பெரிய துளை வழியே எல்பிஜி பாய்ந்தால் மஞ்சள் சுடர் ஆளுயரம் கிளம்பி சட்டியெல்லாம் கரிப்பிடிக்கும். யாரும் முயற்சி செய்து பார்க்காதீர்கள்.

கசிந்தாலும் இரண்டும் இரண்டு விதம். எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகப் படிந்து கிடக்கும். டவுன் கேஸ் லேசு, மேலே போகும். இரண்டுக்கும் இயல்பில் பெரிய வாசனை கிடையாது, மூக்கைப் பிடுங்கும் அந்த அழுகின நாற்றம் நம் நல்லதுக்காக வேண்டுமென்றே கலப்பது. நாற்றம் வந்தால் ஜன்னல் கதவைத் திற, கேஸை மூடு, மின்விளக்கு சுவிட்சில் கை வைக்காதே. இது மட்டும் இரண்டுக்கும் பொது.

டவுன் கேஸ் என்ற பெயரே பழைய காலத்துப் பெயர். 1862-ல் காலாங்கில் எரிவாயு ஆலை கட்டினார்கள். 1864-ல் அந்த வாயுவில் தெருவிளக்குகள் எரிந்தன. அப்போது அது நிலக்கரியைக் காற்றில்லாமல் சூடேற்றி எடுத்த வாயு, 1950-களின் கடைசிவரை நிலக்கரிதான், அப்புறம் எண்ணெய்க்கும் பிறகு நாஃப்தா என்கிற லேசான பெட்ரோலியத் திரவத்துக்கும் மாறினார்கள். அம்மா சின்ன வயதில் லாவெண்டர் பக்கம் குடியிருந்தவர். "அந்த ஆலைக்கு சீனர்கள் ஹுவே சியா என்று பேர் வைத்திருந்தார்கள், நெருப்பு நகரம், அங்கே ஒரு பெரிய தொட்டி காலையில் ஒரு உயரம், சாயங்காலம் ஒரு உயரம் இருக்கும், சமையல் நேரம் முடிந்தால் இறங்கியிருக்கும்" என்று இப்போதுதான் சொல்கிறார். உண்மைதான், உள்ளே வாயு கூடினால் அந்தத் தொட்டியின் மூடி ஏறும், ஊர் சமைத்தால் இறங்கும். நான் அந்த வயதில் அதைப் பார்த்திருந்தால் இதே வேலைக்குத்தான் இன்னும் சந்தோஷமாக வந்திருப்பேன். 1998-ல் காலாங் ஆலையை மூடிவிட்டார்கள். இப்போது செனோக்கோவில் இயற்கை எரிவாயுவை நீராவியோடு சேர்த்துச் சூடேற்றி டவுன் கேஸ் செய்கிறார்கள். அடுப்பை அணைக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வருகிறதே, அது உள்ளே இருக்கிற ஹைட்ரஜனின் வேகம். முதல் வாரம் அம்மா ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டார்.

அம்மா பழகியது மண்ணெண்ணெய் அடுப்பில். பத்துத் திரி வைத்த அடுப்பு ஒன்று, பம்ப் அடித்து ஏற்றும் பித்தளை அடுப்பு ஒன்று. திரி அடுப்பு புகைந்தால் திரியை இறக்க வேண்டும், பம்ப் அடுப்பு அடைத்துக்கொண்டால் பின் போட்டுக் குத்த வேண்டும். அந்தப் பெயரைக் கவனித்திருக்கிறீர்களா? எள்ளின் நெய் எண்ணெய். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் என்று அது எல்லாவற்றுக்கும் பரவி, பூமிக்குள்ளிருந்து வந்ததற்கு மண்ணெண்ணெய் ஆயிற்று. கோயம்புத்தூர்ப் பக்கத்து உறவுக்காரர்கள் சீமெண்ணெய் என்பார்கள், சீமையிலிருந்து வந்த எண்ணெய். சென்னைக்காரர்கள் கிருஷ்ணாயில் என்று அதற்குக் கடவுள் பெயரே வைத்துவிட்டார்கள்.

சிங்கப்பூரின் எண்ணெய்க் கதையே அந்த மண்ணெண்ணெயில்தான் ஆரம்பிக்கிறது. கார்களுக்கு முந்தின காலம் அது, உலகத்துக்கு வேண்டியிருந்தது விளக்கு. தெற்கே புலாவ் புக்கோம் தீவில் 1891 வாக்கில் மண்ணெண்ணெய்த் தொட்டிகள் கட்டினார்கள். 1892-ல் 'முரெக்ஸ்' என்ற கப்பல் சூயெஸ் கால்வாய் வழியாக மண்ணெண்ணெயை மொத்தமாகத் தொட்டியில் நிரப்பிக்கொண்டு வந்து இங்கே இறக்கியது. அதற்கு முன்னால் எல்லாம் தகர டின்களில் அடைத்து, மரப்பெட்டியில் வைத்து வரும். மொத்தமாக வந்தால் மலிவு என்று கணக்குப் போட்ட வியாபாரிகள் ஒன்றை மறந்துவிட்டார்கள், சனங்களுக்கு எண்ணெயைப் போலவே டின்னும் வேண்டும். தண்ணீர் மொள்ள, அரிசி வைக்க, வெட்டி விரித்துக் கூரை போட. கடைசியில் தகரத்தை அனுப்பி இந்தப் பக்கத்திலேயே டின் செய்து விற்க வேண்டியதாயிற்று. அதே புக்கோமில் 1961-ல் சுத்திகரிப்பு ஆலை வந்தது.

மண்ணெண்ணெய் காலம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் சாங்கி விமான நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விமானம் குடிப்பது மண்ணெண்ணெயின் சுத்தமான வடிவம்தான், ஜெட் ஏ-1 என்பார்கள். மைனஸ் 47 டிகிரி வரை உறையக் கூடாது என்பது அதற்கு விதி, மேலே அவ்வளவு குளிர். அது லாரியில் வந்து ஊற்றுவதல்ல, தரைக்கடியில் ஓடும் குழாயிலிருந்து நேராக இறக்கைக்குள் ஏறுகிறது. அம்மா போன தடவை திருச்சிக்குப் பறந்தபோது அந்தப் பழைய அடுப்பின் எண்ணெயில்தான் போனார். சொன்னேன், நம்பவில்லை.

பெட்ரோல், டீசல் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது, என் மச்சானுக்கு மூன்று இருக்கிறது. 98 போட்டால் வண்டி பறக்கிறது என்பது அதில் முதலாவது. 92, 95, 98 என்பதெல்லாம் சக்தியின் அளவு அல்ல. எஞ்சினுக்குள் அமுக்கும்போது பொறி வருவதற்கு முன்னாலேயே தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதுதான் ஆக்டேன். அதிகம் அமுக்கும் எஞ்சினுக்கு அது தேவை. 95 போதும் என்று கையேட்டில் எழுதியிருக்கிற வண்டிக்கு 98 போட்டால் பறப்பது பணம்தான், அதிலும் 2021 பிப்ரவரியிலிருந்து 98-க்கு லிட்டருக்கு 79 காசு வரி, 95-க்கு 66 காசு. டீசல் நேர் எதிர். அதில் பொறியே கிடையாது, காற்றை அமுக்கிச் சூடாக்கி அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்ற வேண்டும். பெட்ரோலில் எதைத் தடுக்கிறார்களோ அதையே டீசலில் கேட்கிறார்கள்.

இது எனக்குப் புத்தகத்தில் தெரிந்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீஸ் வேனுக்கு எண்ணெய் போடப் போய், டீசல் வேனில் பெட்ரோலை நிரப்பினேன். டீசல் குழாயின் மூக்கு தடிமன், பெட்ரோல் காரின் வாயில் நுழையாது. ஆனால் பெட்ரோல் மூக்கு மெலிசு, டீசல் வாயில் தாராளமாக நுழைந்துவிடும், அதுதான் என் கெட்ட நேரம். துவாஸ் போகிற வழியில் விரைவுச்சாலையில் இருமிவிட்டு நின்றது. டீசல் தன் பம்புக்குத் தானே மசகு, பெட்ரோல் அதைக் கழுவிவிடும். இழுத்துப் போக ஒரு செலவு, டேங்கைக் கழுவ ஒரு செலவு. அந்த மாதச் சம்பளத்தில் பாதியைக் காணவில்லை.

மச்சானின் இரண்டாவது கருத்து எல்லைக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூரில் விற்கிற பெட்ரோல். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாகப் போனால் சிங்கப்பூர் வண்டியில் டேங்க் முக்கால் பங்கு நிரம்பியிருக்க வேண்டும். 1989-ல் பாதி என்று ஆரம்பித்து, 1991-ல் முக்கால் ஆக்கினார்கள். குறைந்தால் 500 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், வரை அபராதம். சரி, முக்கால் நிரப்பிக்கொண்டு போய்க் கால் பங்கு நிரப்பலாம் என்றால், அங்கே மானிய விலை 95 வெளிநாட்டு வண்டிக்குக் கிடையாது, 97 தான் வாங்க வேண்டும். அப்படியும் வெள்ளிக்கிழமை ராத்திரி இரண்டு மணி நேரம் பாலத்தில் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நிற்கிறார். மூன்றாவது கருத்து மின்கார் வெறும் மோகம் என்பது. 2024-ல் புதிதாகப் பதிவான கார்களில் மூன்றில் ஒன்று மின்கார், புது டீசல் காரையும் டாக்ஸியையும் 2025-லிருந்து பதிவே செய்வதில்லை. அவரிடம் இதைச் சொன்னால் பேச்சு அரசியலுக்குப் போய்விடும்.

என் எண்ணெய் இவை எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது. கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரித்தால் மேலே வாயு, பிறகு பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று வடிந்து, கடைசியில் கோபுரத்தின் அடியில் தங்குகிற தார் மாதிரியான கசடு இருக்கிறதே, அதுதான் கப்பல்களுக்குப் போகும் கனரக எண்ணெயின் மூலம். ஈஸ்ட் கோஸ்ட் கரையில் நின்று பார்த்தால் வரிசையாகக் கப்பல்கள் நிற்கின்றனவே, அவற்றில் பல சாமான் இறக்க வந்தவை அல்ல, எண்ணெய் போட வந்தவை. உலகிலேயே அதிகமாகக் கப்பல் எண்ணெய் விற்கிற துறைமுகம் நம்முடையது, 2024-ல் 5.49 கோடி டன். நம் ஊரில் ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கிணறு தோண்டி எடுக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ராத்திரி ஒரு மணிக்கு எண்ணெய் கொண்டுவரும் பார்ஜ் படகு கப்பலோடு ஒட்டி நிற்கும். குழாய் தடிமன் ஒரு ஆளின் தொடை அளவு. எண்ணெய் அறைச் சூட்டில் பாயசம் மாதிரி, சில வகை ஆறினால் அல்வா, அதனால் சூடாக்கித்தான் பம்ப் செய்ய வேண்டும். எஞ்சினுக்குள் பீய்ச்சுவதற்கு முன்னால் 100 டிகிரிக்கு மேலேயும் சூடாக்குவார்கள். ஏற்றுகிற நேரம் முழுவதும் குழாயில் ஒரு சின்னத் திறப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக மாதிரி விழுந்துகொண்டே இருக்கும், கடைசியில் அதைக் குலுக்கி பாட்டில்களில் பிரித்து, முத்திரை வைத்து, முத்திரை எண்ணைத் தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்து. ஒரு பாட்டிலைக் கப்பல் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும். எத்தனை முறை கை கழுவினாலும் அந்த வாசனை போகாது. என் மகள் குழந்தையில் "அப்பா ரோடு மாதிரி வாசனை" என்பாள்.

இந்தத் தொழிலில் 'கப்பச்சினோ' என்று ஒரு வார்த்தை உண்டு. காப்பிக்கடையில் தே தாரிக் ஆற்றுகிறவரைப் பார்த்திருப்பீர்கள், முக்கால் குவளைத் தேநீர் நுரையில் முழுக் குவளையாகிவிடும். அதே வித்தைதான். எண்ணெய்க்குள் காற்றை ஊதிவிட்டால் டேங்க் மட்டம் உயரும், அளவுகோலை இறக்கிப் பார்த்தால் கணக்குச் சரியாக இருக்கும், நுரை அடங்கினால் பல டன் காணாமல் போயிருக்கும். ஒரு டன் சில நூறு அமெரிக்க டாலர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மூத்த சர்வேயர்கள் அளவு நாடாவில் ஒட்டிய குமிழியைப் பார்த்தே கண்டுபிடிப்பார்கள். 2017-லிருந்து இங்கே கனரக எண்ணெய் ஏற்ற எடை அளக்கும் மீட்டர் கட்டாயம், உலகத்திலேயே முதல் துறைமுகம். குழாய் அதிர்வதை வைத்து எத்தனை கிலோ போகிறது என்று அது கணக்கிடும், நுரைக்கு ஏமாறுவது குறைந்துவிட்டது. எங்கள் வேலையும் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது, உண்மையைச் சொன்னால்.

2020 ஜனவரி 1 அன்று கந்தக விதி வந்தது. அதுவரை கப்பல் எண்ணெயில் 3.5 சதவீதம் வரை கந்தகம் இருக்கலாம், அன்றிலிருந்து 0.5 தான், அல்லது புகைபோக்கியில் புகையைக் கழுவும் கருவி வேண்டும். சில மாதங்களுக்குள் உலகத்துக் கப்பல்களில் பெரும்பாலானவை எண்ணெய் மாற்றின. சரியான கலவை வருவதற்காகப் பலதையும் கலக்க ஆரம்பித்ததும் புதுத் தலைவலிகளும் வந்தன. 2022 தொடக்கத்தில் இங்கே குளோரின் சேர்ந்த ரசாயனம் கலந்த எண்ணெய் சுமார் 200 கப்பல்களுக்குப் போய், 80 கப்பல்கள்வரை பம்பிலும் எஞ்சினிலும் கோளாறு என்று சொன்னன. நடுக்கடலில் எஞ்சின் நின்றால் இழுத்துப் போக லாரி வராது, என் வேன் மாதிரி.

இப்போது புது எரிபொருள்களைப் பற்றிப் படிக்க எங்களை வகுப்புக்கு மேல் வகுப்புக்கு அனுப்புகிறார்கள். 2023 ஜூலையில் ஒரு கொள்கலன் கப்பலுக்கு இங்கே மெத்தனால் ஏற்றினார்கள், 2024 மார்ச்சில் அம்மோனியா சோதனை நடந்தது. மெத்தனாலின் சுடர் பகலில் கண்ணுக்கே தெரியாது, அதே தூரம் போக டேங்க் இரண்டரை மடங்கு பெரிதாக வேண்டும். அம்மோனியா எரிந்தால் கரியமில வாயு இல்லை, ஆனால் கசிந்தால் ஆளையே கொல்லும். எரிகிறதா என்று மட்டும் பார்த்தால் மரத்தூளும் எரியும். எங்கே சேர்த்து வைப்பது, எதில் கொண்டு போவது, கசிந்தால் யார் மூச்சில் போகும், இந்த மூன்று கேள்விக்குத்தான் எங்கள் வகுப்பில் பாதி நேரம் போகிறது. லாவ் பா சாட் உணவுச் சந்தையில் இறைச்சியைக் குச்சியில் குத்தி சாத்தே சுடுகிறவருக்கு இந்தக் கவலை இல்லை, கரியை மூட்டையில் கட்டி மழையில் நனையாமல் வைத்தால் போதும், அது கசியவும் கசியாது. மலேசியாவின் பேராக்கில் சதுப்புநில மரத்தை மூடி எரித்துச் செய்கிற கரி நல்ல கனமாக இருக்கும், நின்று எரியும். அந்த ருசியை எந்த கேஸும் தராது, இதில் எனக்கு விஞ்ஞானம் வேண்டாம்.

இவ்வளவுக்கும் நடுவில் மனைவி, "பேசாமல் இண்டக்‌ஷன் வாங்கியிருந்தால் கேஸ் தொல்லையே இல்லை" என்றாள். சரி, ஆனால் அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நம் மின்சாரத்தில் சுமார் 95 சதவீதம் இயற்கை எரிவாயுவில்தான். மலேசியாவிலிருந்து 1992-லும் இந்தோனேசியாவிலிருந்து 2001-லும் குழாய் வந்தது. 2013-லிருந்து ஜூரோங் தீவில் கப்பலில் வந்திறங்குகிறது, மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர வைத்தால் 600 பங்கு வாயு ஒரு பங்கு திரவமாகச் சுருங்கிவிடும், அந்தத் திரவத்தை மறுபடி வாயுவாக்கி மின்நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். ஆக மின்அடுப்பிலும் கேஸ்தான் எரிகிறது, என்ன, துளை ஜூரோங்கில் இருக்கிறது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் அதற்கு மேல் நான் பேசவில்லை.

புது அடுப்பு மூன்றாவது நாள் வந்தது. தோசைக்கல் சூடேற முன்னைவிட நேரமாகிறது என்று அம்மா ஒரு வாரம் குறை சொன்னார், அப்புறம் நடுவில் இருக்கிற சின்ன வளையத்தையும் சேர்த்துத் திறந்து வைக்கப் பழகிக்கொண்டார். பொங்கலன்று பானை பொங்கி வழிந்து சுடரை அணைத்துவிட, உள்ளே இருக்கிற பாதுகாப்புக் கருவி கேஸைத் தானாக நிறுத்திவிட்டது. 'பொங்கலோ பொங்கல்' சொல்லி முடிப்பதற்குள் அடுப்பு செத்துவிட்டதே என்று அவருக்கு வருத்தம். துடைத்து, ஈரம் காய்ந்து, மறுபடி பற்ற வைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

பழைய அடுப்பை, பழைய சாமான் விற்கும் கேரோசல் இணையத்தளத்தில் 40 வெள்ளிக்குப் போட்டேன். 'எல்பிஜி சிலிண்டருக்கு மட்டும்' என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். பத்து நிமிடத்தில் செங்காங்கிலிருந்து ஒருவர் கேட்டார், "எங்கள் வீட்டில் பைப் கேஸ், குழாயை மட்டும் மாற்றினால் போதும்தானே?" அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்துதான் இது இவ்வளவு நீண்டுவிட்டது. அவருக்கு அனுப்பியது ஒரே வரி, "தக் போலே, பிரதர்."